பாம்பன் தீவில் இடம் வாங்கப் போகிறீர்களா? பட்டாவை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

பாம்பன் தீவில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் வாங்கிய இடத்துக்குத் தனிப்பட்டா போன வாரம்தான் கைக்கு வந்தது. நிம்மதிதான், ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, மதுரையில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் ராமேஸ்வரத்தில் இடம் தேடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன வீடு. மேலே ரெண்டு அறை கட்டி, கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது திட்டம்.

தரகர் முதலில் காட்டியது ஊருக்குள் ஒரு மனை. அந்த இடத்துக்கு அந்த விலை ரொம்பக் குறைவு. "அனுபவத்துல முப்பது வருஷமா இருக்காங்க சார், வீட்டு வரி ரசீது இருக்கு, கரண்டு பில் இருக்கு" என்றார். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தால் தேவஸ்தானத்தின் பெயர் இருக்கிறது. இந்தத் தீவில் கோயில் நிலம் நிறைய. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்து மானியங்கள். அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. வரி ரசீதும் கரண்டு பில்லும் உரிமைப் பத்திரம் ஆகாது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் சார் வாங்குறாங்க" என்று பதில். எல்லாரும் வாங்கட்டும், நாம் வாங்க வேண்டாம்.

அடுத்தது கடலைப் பார்த்த தென்னந்தோப்பு. இதில் பட்டா சுத்தம், வில்லங்கச் சான்றும் சுத்தம். வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அங்கேதான் சிக்கலே. கடலோர ஒழுங்குமுறை விதிகள் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை பொருந்தும். ஊராட்சிப் பகுதியில், அதிலும் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. நகராட்சி எல்லைக்குள் கணக்கு வேறு. ஆக, நிலம் உங்கள் பெயரில் இருக்கும், வீடு மட்டும் கட்ட முடியாது. பட்டாவில் இது ஒரு வரிகூட வராது.

அலைக்கோடு எங்கே போகிறது என்று கேட்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சென்னைக்கு எழுதிப் போடுங்க." காலையில் ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, பாலத்தில் கார்களை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களுக்குப் பின்னால் அரை மணி நேரம் காத்துக் கிடந்து வந்ததற்கு இந்த ஒரு வரிதான் கிடைத்தது. அந்த வரைபடங்கள் சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்திலேயே இருக்கின்றன! அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? புல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பார்த்தேன். தோப்பு முழுக்க தடைக்குள் இருந்தது. தோப்புக்கு முன்னாலிருந்த மணல்மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தித் தருவதாக விற்பவர் வேறு சொல்லியிருந்தார். மணல்மேடுகள் கடுமையான பாதுகாப்பில் உள்ளவை, அதில் கை வைப்பதே குற்றம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்று தெரிந்த ஊரில், மணலை அள்ளிவிட்டு வீடு கட்டச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

"கோயம்புத்தூர்லருந்து பார்ட்டி வர்றாங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்று தரகர் ரெண்டு இடத்துக்கும் அவசரப்படுத்தினார். பத்து பைசா கொடுக்கவில்லை.

தங்கச்சிமடத்து இடம் தரகர் இல்லாமல் அமைந்தது. மல்லிகை நாற்றுத் தோட்டத்தை ஒட்டி, கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே குறை, பல பேர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப்பட்டா. நம் பங்கை அளந்து தனியாக உட்பிரிவு செய்ய நில அளவர் வர வேண்டும். அவர் கொடுத்த தேதியில் போய் நின்றால் ஆளைக் காணோம். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு அவரைப் போட்டுவிட்டார்களாம். ஒரு போன் செய்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய நாட்களில் தீவில் அலுவலக வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அறையும் கிடைக்காது.

அப்புறம் ஒரு வழியாக அளக்க வந்தார். வரைபடத்தில் இருக்கிற எல்லைக்கல் தரையில் இல்லை. காற்று மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கிறது. கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, "கல் இல்லைன்னு எழுதிடுறேன்" என்று கிளம்பத் தயாரானார். நாற்றுக் கட்டிக்கொண்டிருந்த அம்மாதான், "வடக்க ரெண்டு எட்டு வைங்க தம்பி, வரப்புக்கு அடியில கெடக்கு" என்றார். தோண்டினால் முழங்கை ஆழத்தில் கல். மேலே வெட்டியிருந்த அம்புக்குறி அப்படியே இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அளவுக்கு ஆள் வரும் நாளில் பக்கத்துத் தோட்டக்காரர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரப் பதிவு ஒரே காலையில் முடிந்தது. 1975க்கு முந்தைய வில்லங்கத்தைத் தனியாக மனுப் போட்டுத் தேட வைத்தோம், அதை விட்டுவிடாதீர்கள். மனைவி பெயரில் பதிந்ததால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைந்தது. 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து இந்தச் சலுகை உண்டு.

தண்ணீர் பற்றி ஒன்று. போர் போடுகிறேன் என்று ஆழமாக இறங்காதீர்கள். நல்ல தண்ணீர் மணலில் மேலாகத்தான் நிற்கிறது, அதன் அடியில் உப்பு. நாற்றுத் தோட்டங்கள் எல்லாம் ஆழமில்லாத கிணற்றை நம்பித்தான் நடக்கின்றன. நாங்களும் கிணறுதான் வெட்டப் போகிறோம். கட்டட அனுமதிக்கு ஊராட்சியில் மனுக் கொடுத்து, ரசீதும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.