டான்சிலிடம் கேட்க வேண்டியதை ரத்தத்திடம் கேட்காதீர்கள்

காது மூக்கு தொண்டை தியேட்டரிலிருந்து டான்சில் வருகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஸ்டாக்ஹோமில் நான் வேலை பார்க்கும் லேப் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. குறட்டைக்காகவோ, அடிக்கடி தொண்டை வீங்குவதாலோ குழந்தைகளுக்கு எடுத்த சதை, பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்குப் பிறகு, பெயர் நீக்கி வெறும் நம்பரோடு எங்களிடம் வரும். குளிர்ந்த உப்புக்கரைசலில் இளஞ்சிவப்பாக இரண்டு உருண்டைகள். ஒரு ஓரம் கருகியிருக்கும். ரத்தம் நிற்பதற்காகச் சூடு வைத்த இடம் அது. அதை முதலில் வெட்டி எறிவேன், செத்த செல்கள் பின்னால் கணக்கைக் கெடுக்கும்.

டான்சிலின் மேற்பரப்பில் பத்து இருபது ஆழமான குழிகள் உண்டு. சாப்பாட்டுத் துணுக்கும் பாக்டீரியாவும் அதற்குள் தங்கி வெண்மையாகக் கெட்டிப்பட்டுவிடும். கத்தி அங்கே பட்டதும் ஒரு வாடை வரும் பாருங்கள், மாஸ்க் எல்லாம் சும்மா. ஆனால் அந்தக் குழிகள்தான் விஷயமே. வெளியிலிருந்து வருகிற கிருமியும் உள்ளே காவல் இருக்கும் செல்களும் ஒன்றையொன்று முகர்ந்து பார்க்கிற இடம் அது. சதையைப் பொடியாக நறுக்கி, சிரிஞ்சின் பின்பக்கக் கட்டையால் வலைச் சல்லடை வழியாகத் தேய்த்து இறக்கினால் கலங்கலாகச் செல்கள் வரும். ஒரு டான்சிலிலேயே கோடிக்கணக்கில் கிடைக்கும்.

அந்தக் கோடிகளில் பெரும்பாலானவை பி செல், டி செல். எனக்கு வேண்டியவை அவை இல்லை. நான் தேடுவது ஐ.எல்.சி., அதாவது பிறவி எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த லிம்ஃபாய்டு செல்கள். நூறு செல்லில் ஒன்றுகூடத் தேறாது. பி, டி செல்களுக்கு ஒவ்வொரு கிருமிக்கும் ஏற்றபடி தனித்தனி ஏற்பி இருக்கும். இவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. பக்கத்துச் செல் அடிக்கிற அபாய மணியைக் கேட்டே வேலையில் இறங்கிவிடும். இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-1 என்ற சமிக்ஞை வந்தால், மூன்றாம் வகை ஐ.எல்.சி. உடனே இன்டர்லூகின்-22ஐச் சுரக்கும். அது போய்ச் சேர்வது பிற எதிர்ப்புச் செல்களிடம் அல்ல, தொண்டை, குடல் போன்றவற்றின் உட்பரப்பை மூடியிருக்கும் செல்களிடம்: "கிருமிக்கொல்லிப் புரதத்தை எடு, ஓட்டையை அடை" என்று. மனித டான்சிலிலேயே இந்தச் செல்லைக் காட்டியது செயின்ட் லூயிஸில் மார்கோ கொலன்னாவின் குழு, 2009இல். அப்போது அதை ஒரு வகை இயற்கைக் கொல்லிச் செல் என்றுதான் நினைத்தார்கள். தனிக் குடும்பம் என்று ஒப்புக்கொண்டு வகை பிரித்தது 2013இல்.

எந்தச் செல் எந்த வகை என்று சொல்வது ஜீன்கள்தான். எல்லாச் செல்லிலும் இருக்கும் ஜீன்கள் ஒன்றே. எது ஓடுகிறது, எது அணைந்திருக்கிறது என்பதில்தான் ஆளே மாறுகிறது. டி-பெட் ஓடினால் முதல் வகை, கேட்டா-3 ஓங்கி ஓடினால் இரண்டாம் வகை, ஆர்.ஓ.ஆர்.சி. ஓடினால் மூன்றாம் வகை. ஈயோமெஸ் சத்தமாகக் கேட்டால் அது பெரும்பாலும் கொல்லிச் செல். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான். இதே ஊரில் கரோலின்ஸ்காவில் யென்னி மியோஸ்பெர்யின் குழு 2016இல் டான்சிலிலிருந்து 648 செல்களைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வையும், அதாவது ஓடுகிற ஜீன்கள் எழுதும் நகலையும், படித்தது. நான்கு குழுக்கள் பிரிந்தன. அது எதிர்பார்த்ததுதான். சுவாரசியம் என்னவென்றால், மூன்றாம் வகைக்குள்ளேயே மூன்று விதம் தெரிந்தது. அதில் ஒன்று எச்.எல்.ஏ.-டி.ஆர். ஜீன்களை ஓட்டிக்கொண்டிருந்தது. கிருமித் துண்டை எடுத்து டி செல்லுக்குக் காட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கருவி அது. காவல்காரன் கையில் ஏன் அது என்று அன்றிலிருந்து பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

648 என்பது இன்றைய கணக்கில் சின்ன எண்தான். இப்போது பத்தாயிரம் செல்லைச் சர்வசாதாரணமாக ஓட்டுகிறார்கள். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய முறை மேல் மரியாதை. ஒரு செல்லுக்குள் இருக்கும் மொத்த ஆர்.என்.ஏ. சுமார் 10 முதல் 30 பிக்கோகிராம், அதில் நமக்கு வேண்டிய தூது ஆர்.என்.ஏ. சில சதவீதம்தான். பெருங்கூட்டமாக ஓட்டும் முறையில் அதிலும் பெரும்பகுதி நழுவிவிடும். எந்தச் செல்லில் எந்த ஜீன் எவ்வளவு ஓடுகிறது என்று கடைசியில் வரும் டேபிளில் ஆர்.ஓ.ஆர்.சி.க்கு நேராகப் பூஜ்ஜியம் இருக்கும். ஜீன் அணைந்திருக்கிறதா, நம் வலையில் சிக்கவில்லையா? டேபிள் சொல்லாது. புதிதாக லேபுக்கு வரும் மாணவர்கள் அந்தப் பூஜ்ஜியத்தை அப்படியே நம்பி, "அக்கா, புது வகை செல் கண்டுபிடிச்சிட்டேன்" என்று ஓடி வருவார்கள். அப்படி ஓடி வந்தவர் ஒரு தமிழ்ப் பையன். காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் ரத்தத்தையே எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம், சுலபம், யாரும் கொடுப்பார்கள். ஆனால் ரத்தத்தில் கிடைப்பது வேறு ஆள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜேம்ஸ் டி சான்டோவின் குழு 2017இல் காட்டியது இது: ரத்தத்தில் சுற்றுகிற, சி.டி.117 என்ற அடையாளப் புரதம் மேலே உள்ள செல்கள் பார்வைக்கு மூன்றாம் வகை மாதிரி இருந்தாலும் இன்னும் முடிவெடுக்காதவை. சூழலைப் பொறுத்து ஐ.எல்.சி.யின் எந்த வகையாகவும் ஆகக்கூடியவை. உருவாக்குவது திசு. டான்சிலில் குடியேறிய செல் எந்த ஜீனை ஓட்டுகிறது என்பதை ரத்தப் பரிசோதனையிலிருந்து ஊகிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, திசுவுக்கே போகிறோம். அங்கேதான் எனக்குத் தூக்கம் போகிற பிரச்சினை. நறுக்கி, தேய்த்து, சுழற்றி, காந்தத்தில் பி, டி செல்களைக் கழித்து, சாயம் போட்டு, லேசர் மெஷினில் ஒவ்வொன்றாகத் தட்டில் விழவைப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். இந்த நேரமெல்லாம் செல் உயிரோடு இருக்கிறது, கலவரப்படுகிறது, ஜீன்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் ஊட்ரெக்ட் குழு ஒன்று 2017இல் எலியின் தசை ஸ்டெம் செல்களில் இதை வெளிச்சமாகக் காட்டியது: என்சைம் போட்டுத் திசுவைப் பிரிக்கும் வேலையே ஃபாஸ், ஜூன், வெப்ப அதிர்ச்சிப் புரத ஜீன்களை எழுப்பிவிடுகிறது. என் டான்சில் டேபிளைத் திறந்தாலும் ஃபாஸும் ஜூனும்தான் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். கதவை உடைத்து உள்ளே போய் எடுத்த போட்டோவை வைத்து, "இந்த வீட்டுக்காரர்கள் எப்போதும் வாயைப் பிளந்தபடிதான் இருப்பார்கள்" என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சி.டி.69 என்ற ஜீன் இன்னும் மோசம். திசுவிலேயே குடியிருக்கும் செல் என்பதற்கு அதுதான் அடையாளம் என்கிறோம். செல்லை உசுப்பினாலும் அதே ஜீன் ஏறும். கொஞ்ச நேரம் ஐஸிலிருந்து வெளியே இருந்த செல்லைக் காட்டி "நிரந்தரக் குடிவாசி" என்று சொன்னால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. அதனால் யாராவது டேபிளை அனுப்பினால் நான் முதலில் கேட்பது, எந்த வெப்பநிலையில் பிரித்தீர்கள், எவ்வளவு நேரம் என்பதைத்தான். ஜீன் லிஸ்ட்டை அப்புறம் பார்ப்பேன். இதற்காக லேபில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து பெரியம்மா மகள் போன். அவள் பையனுக்கு டான்சில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஏட்டி, சதையை எடுத்துட்டா பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போயிருமாமே, நீதான் அதையே படிக்கியே?" என்றாள். "டாக்டர் வேணும்னு சொன்னா எடுத்துருக்கா, அது ஒண்ணுதான் காவல்னு இல்ல" என்றேன். அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் மாற்று செய்தபின் டி செல்கள் திரும்பி, ஐ.எல்.சி. மட்டும் திரும்பாத நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பிரெஞ்சுக் குழு ஒன்று 2016இல் எழுதியது. குறிப்பிட்ட எந்த நோயும் அவர்களுக்குக் கூடுதலாக வரவில்லை. மருந்தும் சுத்தமும் இருக்கும் ஊரில், டி செல்லும் ஒழுங்காக இருந்தால், நான் ஆண்டுக்கணக்கில் துரத்தும் செல் இல்லாமலே மனிதன் நன்றாக வாழலாம்! கிராண்ட் விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரையை எந்தப் பத்தியில் வைப்பது என்று எங்கள் லேபில் ஒவ்வொரு முறையும் சண்டை.

திசுவைப் பிரிக்கும்போது செல்லுக்கு வரும் அந்த அதிர்ச்சியைத் தவிர்க்க ஒரு வழி, வந்தவுடன் சதையை உறையவைத்து நியூக்ளியஸை மட்டும் பிரிப்பது. கலவரப்பட அதற்கு அவகாசமே இருக்காது. ஆனால் செல்லின் மேலுறை போய்விடுவதால், நாங்கள் ஐ.எல்.சி.யைப் பிடிக்கும் அடையாளங்களும் கூடவே போய்விடும். நூறில் ஒன்றுகூட இல்லாத ஆளை அடையாளமில்லாமல் தேடுவதற்கு லட்சக்கணக்கில் நியூக்ளியஸ் படிக்க வேண்டும், அதற்குப் பணமில்லை. இன்னொரு வழி ஆக்டினோமைசின்-டி. புதிதாக ஆர்.என்.ஏ. எழுதுவதையே நிறுத்தும் மருந்து, புற்றுநோய்க்குக் கொடுப்பது. நறுக்கும் கரைசலிலேயே அதைக் கலந்துவிட்டால், செல் கலவரப்பட்டாலும் புதிதாக எதையும் எழுத முடியாது. விஷம் என்பதால் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும், வெளிச்சமும் படக்கூடாது. பாதுகாப்பு அதிகாரியிடம் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தாகிவிட்டது. அடுத்து வரும் டான்சிலில் பாதியை அதில் போடப்போகிறேன். ஃபாஸும் ஜூனும் காணாமல் போகும் என்று என் சூப்பர்வைசர் சொல்கிறார். பாதிதான் போகும் என்பது என் கணிப்பு, ஏனென்றால் கத்தி முதலில் படுவது லேபில் அல்ல, தியேட்டரில்.