ஏழு சபைகளின் வழியே: துருக்கிப் பயணத்தை நாங்கள் அமைத்துக்கொண்ட விதம்

வெளிப்படுத்தின விசேஷத்தின் 2, 3 ஆம் அதிகாரங்களில் கடிதம் பெறுகிற எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு பட்டணங்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில மணி நேரத்தில் பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கின்றன. கடிதங்கள் அமைந்திருக்கும் வரிசையே ஒரு சாலைவழிதான். எபேசுவில் கரையிறங்குகிற ஒருவர் வடக்கே பெர்கமு வரை போய், அங்கிருந்து தென்கிழக்காக உள்நாட்டுக்குள் திரும்பினால் லவோதிக்கேயாவில் வந்து முடிப்பார். எங்கள் சேகரத்தில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அதே வரிசையில் போய், ஒவ்வோர் இடத்திலும் அந்தந்தக் கடிதத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பதே பெரியவர்களின் விருப்பமாக இருந்தது. ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே எண்ணம் உள்ள சபையாருக்கு உதவும் என்பதால், அதை எப்படிச் செய்து முடித்தோம் என்பதை எழுதுகிறேன்.

பயண நிறுவனங்கள் முதலில் கொடுத்த நிகழ்ச்சி நிரல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருந்தன. இஸ்தான்புல்லுக்கும் கப்பதோக்கியாவுக்கும் நாட்கள் தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்தன. தோல் ஆடைக் கடையும் கம்பளக் கடையும் நிரலில் இருந்தன. தியத்தீரா (இன்றைய அக்ஹிசார்), சர்தை, பிலதெல்பியா மூன்றும் ஒரே பகலுக்குள் அடக்கப்பட்டிருந்தன. "அக்ஹிசாரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, சார், பஸ்ஸில் இருந்தபடியே காட்டிவிடலாம்" என்று ஒரு முகவர் சொன்னபோது, எங்கள் போதகர் ஐயா பொறுமையாக, "அது லீதியாளின் ஊர், தம்பி. கல் குறைவாக இருக்கலாம், நாங்கள் இறங்கி நின்று வாசிக்க வேண்டும்" என்றார். அன்றே நிரலைத் திருத்தி எழுதிக் கொடுத்தோம். கப்பதோக்கியாவையும் கடைகளையும் நீக்கி, அந்த நேரத்தைச் சிறிய ஊர்களுக்கும் லவோதிக்கேயாவுக்கும் மாற்றினோம். கடைகளிலிருந்து கிடைக்கும் தரகை வைத்தே பல நிரல்களின் கட்டணம் குறைக்கப்படுகிறது. ஆகவே அவற்றை நீக்கியபோது ஆளுக்கு ஆகும் தொகை கூடியது. அந்தக் கூடுதல் தொகை முழுக்க முழுக்கத் தகுந்த செலவு என்றே நினைக்கிறேன்.

விசாவைப் பொறுத்தவரை, செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஐரோப்பாவின் ஷெங்கன் விசா வைத்திருக்கும் இந்தியர்கள் துருக்கியின் இ-விசாவை இணையத்திலேயே பெறலாம். எங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் விண்ணப்ப மையத்துக்குப் போய்க் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவுக்கு விண்ணப்பித்தோம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிப் படிவம், விடுதி முன்பதிவு, பயணக் காப்பீடு ஆகியவற்றைத் தயாரிப்பதில் சிரமம் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கும், பிள்ளைகளின் செலவில் வந்த தாய்மார்களுக்கும்தான் கூடுதல் தாள்கள் தேவைப்பட்டன: ஓய்வூதிய ஆணை, பிள்ளையின் பொறுப்பேற்புக் கடிதம், உறவை நிரூபிக்கும் சான்று. கடவுச்சீட்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதை, குறிப்பாகத் தகப்பன் பெயரை விரித்தெழுதியிருக்கும் இடங்களில், முதல் நாளே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

துருக்கியில் அந்நாட்டுப் பண்பாடு மற்றும் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர் மட்டுமே தொல்லியல் இடங்களில் வழிகாட்டியாக விளக்கம் கொடுக்கலாம். நம் போதகரோ, ஊரிலிருந்து கூடவே வரும் குழுத் தலைவரோ அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆதலால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு, புறப்படுவதற்கு முன்பே அவரிடம் காணொளி அழைப்பில் பேசினோம். நான் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: அகழாய்வில் உறுதியானது எது, மரபாகச் சொல்லப்படுவது எது என்பதை எங்களுக்குப் பிரித்துச் சொல்வீர்களா? அவர் உடனே, எபேசுவுக்கு மேலே மலையில் உள்ள மரியாள் வீட்டை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 19 ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன் துறவியின் காட்சிகளை ஆதாரமாகக் கொண்டு அது தேடிக் கண்டுபிடிக்கப்பட்டது. 1967 இல் ஆறாம் பவுல் தொடங்கித் திருத்தந்தையர் அங்கே போயிருக்கிறார்கள். ஆயினும் மரியாள் அங்கே வாழ்ந்தார் என்பதற்கு அகழாய்வுச் சான்று கிடையாது என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை உறுதி செய்தோம். அவருடைய ஆங்கில விளக்கத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லக் கல்லூரிப் பேராசிரியையான அக்கா ஒருவர் முன்வந்தார். ஒவ்வொருவர் காதிலும் மாட்டும் கருவியில் அவர் குரல் கேட்டதால், பின்னால் மெதுவாக நடந்து வந்த பாட்டிமாரும் எதையும் இழக்கவில்லை.

எபேசுவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். முதியோரோடு போகிறவர்கள் மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசலில் வெளியேறும்படி பேருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். பாதை முழுவதும் இறக்கமாகிவிடும், ஆனால் பளிங்குத் தரை வழுக்கும். செல்சுஸ் நூலகத்தின் முன்னால் கூட்டம் நெரிகிறது. நாங்கள் அதைச் சீக்கிரம் கடந்து, சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தில் உட்கார்ந்து, தட்டானாகிய தெமேத்திரியு எழுப்பிய கலகத்தை அப்போஸ்தலர் 19 ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குப் போன நேர்சாலை தெரிகிறது, கடல் தெரிவதில்லை. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கி.பி. 431 ஆம் ஆண்டின் பொதுச்சங்கம் கூடிய மரியாள் ஆலயம் கீழ் வாசலருகே இருந்தும், பெரும்பாலான குழுக்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நிரலில் அதன் பெயரைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிமிர்னா இன்று இஸ்மிர் என்னும் மாநகரம். அவ்வூர்ப் பேராயராக இருந்து இரத்தசாட்சியாக மரித்த போலிகார்ப்பின் பெயரால் அமைந்த ஆலயத்துக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டுப் போனோம். பெர்கமுவில் கோட்டை மலைக்குக் கம்பியில் தொங்கியபடி ஏறும் ஊர்தி இருக்கிறது. கிரேக்கக் கடவுளான சேயுஸின் பலிபீடம் பெர்லினுக்குப் போய்விட்டதால், அங்கே அடித்தளப் படிகளும் அவற்றின்மேல் வளர்ந்த மரங்களும்தான் உள்ளன. சாத்தானுடைய சிங்காசனம் என்று கடிதம் சொல்வது இந்தப் பீடத்தையா, பேரரசர் வழிபாட்டையா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்பதையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னார்.

தியத்தீராவின் மிச்சம், அக்ஹிசார் நகரின் நடுவே வேலியிட்ட ஒரே ஒரு மனையளவு இடம். சுற்றிலும் கடைகளும் வாகன ஓசையும். இரத்தாம்பரம் விற்ற லீதியாளைப் பற்றிய வசனங்களை எங்கள் பெண்கள் ஐக்கியச் செயலாளர் அம்மா வாசித்தார். மத்தியான நேரத்துக்குள் சர்தையை அடைந்தோம். அங்கே அர்த்தெமியின் பெரிய கோயிலின் மூலையில் ஒட்டினாற்போல 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய ஆலயமும், சிறிது தொலைவில் பழைய யூத ஜெப ஆலயமும் உள்ளன. இரண்டும் சாலையின் எதிரெதிர்த் திசைகளில் இருப்பதால், ஒன்றோடு நிறுத்திவிடும் குழுக்கள் உண்டு.

பிலதெல்பியாவான அலாஷெஹிரில், வீடுகளுக்கு நடுவே, பரிசுத்த யோவான் பேராலயத்தின் மாபெரும் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கீழே கல், மேலே சிவந்த செங்கல். சுண்ணப்பூச்சில் மங்கிய ஓவியத்தின் நிறம் ஓரிடத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கி.பி. 17 ஆம் ஆண்டு நிலநடுக்கம் இந்நகரைச் சிதைத்தது. அதன் பிறகும் நில அதிர்வுக்கு அஞ்சி மக்கள் பலர் நகருக்கு வெளியே வாழ்ந்ததாக அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். ஜெயங்கொள்ளுகிறவனைத் தேவாலயத்தில் தூணாக்குவேன், அவன் அதிலிருந்து நீங்குவதில்லை என்னும் வாக்கு அப்படிப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்டது என்பதை அந்தத் தூணருகில் நின்று கேட்டபோது, சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனம் எனக்கு முழுதாக விளங்கியது.

லவோதிக்கேயாவுக்கு அரை நாள் ஒதுக்கியதுதான் நாங்கள் செய்த ஏற்பாடுகளில் மிகச் சிறந்தது. தெனிஸ்லி நகருக்கு மிக அருகில் இருந்தும், பாமுக்கலேயின் வெண்பாறைக்கு விரையும் பேருந்துகள் இதைத் தவிர்த்துவிடுகின்றன, அல்லது ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றன. பாமுக்கலே பல்கலைக்கழகம் 2003 முதல் இங்கே தொடர்ந்து அகழாய்வு செய்கிறது. 2010 இல் வெளிப்பட்ட 4 ஆம் நூற்றாண்டு ஆலயத்தைக் கூரையிட்டுப் பாதுகாத்து, கண்ணாடிப் பாதை வழியே நடந்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். கடிதம் பெற்ற தலைமுறையினர் வீடுகளில் கூடியவர்கள், இந்தக் கட்டடம் அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது என்று வழிகாட்டி முதலிலேயே தெளிவுபடுத்தினார். பிறகு எங்களைத் தண்ணீர்க் குழாய்களிடம் அழைத்துச் சென்றார். குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து, நடுவில் குறுகிய துளை மட்டும் எஞ்சியிருந்தது. எதிரே எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் பாய்ந்த வெண்மலை வெயிலில் தெரிந்தது. மறுபுறம் பனி மூடிய மலையடிவாரத்தில் குளிர்ந்த நீருக்குப் பெயர்பெற்ற கொலோசெ. வெந்நீர் உடம்புக்கு இதம், குளிர்நீர் தாகத்துக்கு இதம். இரண்டிலும் சேராத வெதுவெதுப்பான நீரைக் கடிதம் கண்டிக்கும் காரணத்தைப் பலர் இந்த நில அமைப்போடு சேர்த்தே விளக்குகிறார்கள். கி.பி. 60 ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு ரோமின் உதவியின்றித் தன் சொந்தச் செல்வத்தாலேயே நகரம் மீண்டெழுந்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். ஐசுவரியவான் என்று சொல்லிக்கொள்ளும் சபைக்கு வந்த கடிதத்தை அந்தச் செய்தியோடு வாசித்தோம். அங்கே நிழல் மிகக் குறைவு. காலை திறந்தவுடன் உள்ளே போய்விடுவதும், ஆளுக்கு ஒரு குடையும் தண்ணீர்ப் புட்டியும் வைத்துக்கொள்வதும் அவசியம்.

யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவையும் சேர்க்க முடியுமா என்று எங்கள் குழுவில் பலர் கேட்டார்கள். அது கிரேக்க நாட்டைச் சேர்ந்தது; தனியே ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் துருக்கி விசாவோடு அங்கே போய்விட்டால் திரும்பி வந்து பயணத்தைத் தொடர முடியாது. ஆகவே அதைச் சேர்க்க விரும்பும் சபையார் ஏழு சபைகளையும் முதலில் முடித்துக்கொண்டு, கடைசியாகக் கப்பலில் கிரேக்கத் தீவுகளுக்குக் கடந்து, ஏதென்ஸ் வழியாக ஊர் திரும்பும்படி விமானச் சீட்டு எடுப்பதே சரியான வழி. இரண்டு விசாக்களுக்கும் தேவையான அவகாசத்தைக் கணக்கிட்டு, அதற்குப் பிறகே பயணத் தேதியைக் குறியுங்கள்.