இரண்டு மிதி

மாஸ்ரர் பிரேக்கை ஒரு தடவை மட்டும் மிதித்து நான் கண்டதில்லை. முதல் மிதியில் பெடல் கிட்டத்தட்டத் தரையைத் தொடும். காலை எடுத்து உடனே இன்னொரு மிதி. அதில்தான் வண்டி நிற்கும். கை தட்டுவது போல அவருக்கு அது வந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மிதி என்றே தெரியாது.

வண்டி 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் பிக்கப். அவருடைய தகப்பனார் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்ற வாங்கியது. இன்று அந்த வேலையைப் ‘பட்டா’ என்று நாங்கள் சொல்லும் சின்ன லொறிகள் செய்கின்றன. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்தப் பிக்கப்பும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. 1995 ஒக்ரோபரில் ஊரோடு ஊராக இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனதும் இதில்தான். அந்த நாள்களில் பழகிய இன்னொரு பழக்கமும் மாஸ்ரரிடம் இருந்தது. வீட்டுக்கு நூறு யார் இருக்கும்போதே எஞ்சினை நிப்பாட்டிவிடுவார். யாழ்ப்பாணம் மேடு பள்ளமில்லாத தரை. வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து கேற்றுக்கு முன்னால் நிற்கும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் மிச்சம்.

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வண்டியின் டிரம் பிரேக்குகளை மெக்கானிக்கான நான்தான் இறுக்கிக் கொடுத்தேன். சில்லோடு சுழலும் டிரம்முக்குள் சூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்தித்தான் வண்டியை நிறுத்தும். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்ரர், பின் சில்லில் ஒன்று. டிரம்மில் உள்ள ஓட்டையை அதற்கு நேரே கொண்டுவந்து, திருப்புளியால் சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு பல் திரும்ப விடவேண்டும். சூ டிரம்மில் உரசும் சத்தத்தை வைத்தே சரி பார்த்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சூ தேயத் தேய இடைவெளி கூடும். அந்த இடைவெளியை முதல் மிதி அடைக்கும், இரண்டாவது மிதி பிடிக்கும். கொஞ்சம் பிந்தித்தான் இறுக்கக் கொண்டுவருவார். பரவாயில்லை, காலால் சமாளித்துக்கொள்வார். ‘நல்ல டிரைவர்’ என்று நாங்கள் சொன்னதே அப்படிப்பட்டவர்களைத்தான். வண்டியின் குறையை அவர்கள் காலில் சுமந்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதுவோம். சூவில் உரசித் தேயும் பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் எத்தனை ஆயிரம் டிரம் ஊதியிருப்பேனோ. இப்போது என்னிடம் வேலை பழகும் பொடியனை ஈரத்துணியால்தான் துடைக்க விடுகிறேன்.

மாரியில்தான் டிரம்மின் குணம் தெரியும். கார்த்திகை வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் தண்ணீர் உள்ளே நிற்கும். ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் வழுக்கும், வண்டி ஒருபக்கமாக இழுக்கும். ஒரு மழை இரவில், மாஸ்ரர் கொடிகாமத்தில் ஒரு மரணவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஏ9 வீதியில் மாடு ஒன்று படுத்திருந்தது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. பிக்கப் வீதியை விட்டு இறங்கி வடலிக்குள் போய் நின்றது. பழைய குண்டும் குழியுமான பாதையில் முப்பது மைல் வேகமே பெரிது. இன்று காப்பெற் வீதியில் மைனரும் ஐம்பதில் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய சூடு நாலு மடங்கு.

அடுத்த வாரம் ரொறன்ரோவிலிருந்து மகன் கோல் எடுத்தார். “அண்ணை, முன்னுக்கு டிஸ்க் போட ஏலுமோ? அப்பா வேற வாகனம் ஓட மாட்டாராம்.” ஏலும் என்றேன். இங்கிலாந்திலிருந்து கிட் வந்தது. சில்லோடு சுழலும் இரண்டு டிஸ்க், பேட்டால் டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெரிக்கும் இரண்டு கலிப்பர், அவற்றைப் பூட்டும் தாங்கிகள், ஹோஸ், பேட்.

கழற்றுவது அரை நாள் வேலை. பின் டிரம்மை அப்படியே விட்டோம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் பஞ்சு போல. அங்கே பிடி கூடினால் பின் சில்லு பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். கையில் இழுக்கும் பிரேக்கும் பின்னால்தான் இருக்கிறது. சில்லு பூட்டும் ஹப்பை மட்டும் லேத்துக்குக் கொண்டுபோய் டிஸ்க் உட்காரும் இடத்தைக் கடைந்து எடுத்தோம். டிஸ்க் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் அது பெடலில் காலுக்குத் தெரியும். டயல் கேஜ் வைத்துப் பார்த்து, ஒரு பக்கத்தைத் திரும்பவும் கடையவேண்டி வந்தது. பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர், மைனரில் டிரைவரின் காலடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. போல்ட்டை இழுத்தால், முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டோர்சன் பாரில் முட்டும், அதையும் இறக்கவேண்டும். வடிவமைத்தவர் பெரிய கெட்டிக்காரர்தான், ஆனால் இந்த இடத்தில் அவரை நான் திட்டாத நாளில்லை. திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கத்திலிருந்து போட்டேன். இனிப் பாரைத் தொடாமல் கழற்றலாம்.

முதல் ஓட்டம் சாவகச்சேரிவரை. கைதடி தாண்டும்போது ஏதோ கருகி மணந்தது. பொடியன் இறங்கி முன் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்தான். “அண்ணை, அடுப்பு மாதிரிக் கிடக்கு.” பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. கலிப்பரில் ஒயிலை வெளியே விடும் நிப்பிளைத் தளர்த்தினேன், ஒயில் பீறிட்டது, சில்லு சுழன்றது.

அவன் கேட்டான்: “உள்ளுக்க எங்கயோ பிறஷர் நிக்குதோ?” கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. டிரம்முக்கான மாஸ்ரர் சிலிண்டரின் முனையில் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் அது நல்லது. சூவை இழுக்கப் பலமான ஸ்பிரிங் இருக்கிறது. கலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியிருக்கும் றபர் ஒரு மயிரளவு பின்னால் இழுக்கும், அவ்வளவுதான். அந்த அழுத்தத்துக்கு முன்னால் அது நிற்காது. எத்தனையோ மாஸ்ரர் சிலிண்டரைப் பிரித்து அந்த வால்வைக் கழுவிப் போட்டவன் நான். என்ன வேலை செய்கிறது என்று தெரியும், எங்கே தேவையில்லை என்று யோசிக்கவில்லை.

வால்வை எடுத்துவிட்டோம். சூடு போனது. ஆனால் வண்டி ஒரு இரவு நின்றால், காலையில் முதல் மிதி தரைவரை போனது. இரண்டாவது மிதியில் பிடித்தது! மாஸ்ரர் சிலிண்டர் கலிப்பரை விடக் கீழே இருப்பதால் ஒயில் மெல்லத் திரும்பி இறங்குகிறது. இதற்கென்றே 2 பிஎஸ்ஐ மட்டும் பிடிக்கும் தனி வால்வு உண்டு. பேட் உரச அது போதாது, ஒயிலை நிறுத்தப் போதும். மகன்தான் அனுப்பவேண்டியிருந்தது. அது வரும்வரை மாஸ்ரர் வந்து வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். “இரண்டு மிதிதானே தம்பி, தாருமன், நான் ஓடுறன்.” நான் கொடுக்கவில்லை.

வால்வு வந்தது, பூட்டினோம். ஒரே மிதி, பெடல் மேலேயே நின்றது. எனக்குச் சந்தோசம். மாஸ்ரர் ஓடிப் பார்த்துவிட்டு, “பிரேக் இல்லையே” என்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்காலில் வலி. டிரம் சுழலும்போது சூவையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். அந்த இழுப்பே சூவை இன்னும் இறுக்கும். மைனரின் முன் சில்லில் இரண்டு சூவும் அப்படித்தான். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, காலின் பலம்தான் எல்லாம். நான் மிதித்தால் பிடிக்கிறது, அவர் மிதித்தால் கல்லு மாதிரி இருக்கிறது. அதற்கு, எஞ்சினின் உறிஞ்சலால் மிதிக்குப் பலம் கூட்டும் சேர்வோ வேண்டும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சேர்வோ ஒன்று எடுப்பித்து, எஞ்சினின் உறிஞ்சு குழாயில் இணைத்தேன். பிறகு விரலால் மிதிக்கலாம் போல ஆனது. மாஸ்ரர் சிரித்தார். வண்டி போனது.

மூன்றாம் நாள் கோல் வந்தது. “தம்பி, கேற்றில முட்டிப்போட்டன்.”

போய்ப் பார்த்தேன். பம்பரில் சின்ன நெளிவு, கேற்றின் ஒரு கம்பி வளைந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நூறு யாருக்கு முன்னால் எஞ்சினை நிப்பாட்டியிருக்கிறார். எஞ்சின் நின்றால் சேர்வோவுக்கு உறிஞ்சு இல்லை. மிச்சமாக இருந்த உறிஞ்சு ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். அதை வழியில் இரண்டு மிதி மிதித்தே முடித்துவிட்டார். கேற்றுக்கு முன்னால் மிதித்தபோது பழைய கல்லு.

“எஞ்சின நிப்பாட்டாம வாங்கோ மாஸ்ரர். இனி மண்ணெண்ணெய் இல்லையே.”

“ஓம் ஓம்” என்றார்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன். கேற் நெம்பி நேராக்கப்பட்டிருந்தது, ஆனால் அகலத் திறந்து கிடந்தது. ரீச்சர் அம்மா வாசலில் நின்றா. “அவர் வாற நேரம் தம்பி, அதுதான் துறந்து வச்சிருக்கிறன்.” வீதி முனையில் பிக்கப் தெரிந்தது. எஞ்சின் சத்தம் கேட்கவில்லை.