ஒரே வினாடியில் தொடங்கியதால் வீணான ஓட்டம்

அணுக்கருக்கள் மிக வேகமாக மோதும்போது உருவாகும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவை ஆராய, அந்த மோதல்களைக் கணினியில் உருவாக்கும் ஏஎம்பிடி மொடலை ஓட்டுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், முதலில் உங்கள் வெளியீட்டுக் கோப்புகளைத் திறந்து முதல் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. திருகோணமலையிலிருந்து கண்டிவரை போய், மேற்பார்வையாளர் முன்னால் இருந்துதான் தெரிந்துகொண்டேன்.

நிறுவுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, ஜிபோர்ட்ரான் என்ற கம்பைலர் இருந்தால் போதும். பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் நேரம் கேட்டுக் கொடுத்த படிவம் கையொப்பம் ஒன்று குறைகிறதென்று இரண்டு தடவை திரும்பி வந்தது. அதனால் உவர்மலை வீட்டில், நான்கு கோர் உள்ள பழைய லப்டொப்பிலேயே தொடங்கினேன். தங்க அணுக்கருவோடு தங்க அணுக்கரு, 200 ஜிஇவி ஆற்றல், மொடலின் ‘ஸ்ட்ரிங் மெல்ட்டிங்’ வகை. ஒரு மோதலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். நான்கு கோப்புறை, ஒவ்வொன்றிலும் 2,500 மோதல்; இரண்டு நாளில் 10,000 என்று கணக்குப் போட்டேன்.

முதல் அடி கரண்டால். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்ட ஞாயிறு. முக்கால்வாசி ஓடியிருந்தது, பற்றரி ஒரு மணித்தியாலம்தான் தாங்கியது. அதுவரை எழுதிய மோதல்கள் கோப்பில் பத்திரமாகத்தான் இருந்தன. கரண்ட் வந்த அவசரத்தில் அதே கோப்புறையில் திரும்ப ஓட்டினேன். பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. தயவுசெய்து பழைய கோப்பை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, இரண்டாம் ஓட்டம் முடிந்தது. மோதலில் வெளிவரும் துகள்கள் மூன்று திசைகளில் கூடுதலாகப் பாய்வதை அளக்கும் வி3-ஐ (முக்கோணப் பாய்வு) கணக்கிட்டேன். பிழைக்கோடுகள் மிகவும் சின்னதாக வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு விடிய முன்பே பஸ் ஏறி, கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை தாண்டிப் போனேன்.

சேர் ஒன்றுதான் கேட்டார்: "நாலு கோப்புக்கும் தனித்தனியா வி3 எடுத்துப் பார்த்தீரா?"

அங்கேயே எடுத்தேன். நாலும் கடைசித் தசமம்வரை ஒன்று. கோப்புகளைத் திறந்தால் முதல் வரியில் மோதல் அளவுருவும் (மோதும் இரு கருக்களின் மையங்கள் விலகியிருக்கும் தூரம்) ஒன்று, துகள் எண்ணிக்கையும் ஒன்று.

மொடலோடு வரும் ஓட்டக் கட்டளை, தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணைக் கணினிக் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. அதுவும் வினாடி வரைக்கும்தான். நான் நான்கையும் ஒரே வினாடியில் தட்டிவிட்டிருக்கிறேன். ஒரே விதை, ஒரே 2,500 மோதல், நாலு பிரதி. அதை 10,000 என்று எண்ணியதால் பிழைக்கோடு இருக்க வேண்டியதில் பாதியாகச் சுருங்கியது.

வேறு எதையாவது அளந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தங்க அணுக்கரு ஒன்றில் 197 நியூக்கிளியோன்கள் (புரோட்டன்களும் நியூட்ரன்களும்). அவை நிற்கும் இடம் மோதலுக்கு மோதல் தற்செயலாக மாறுவதால்தான் மோதும் பகுதிக்கு முக்கோண வடிவம் வருகிறது, வி3 பிறக்கிறது. இயற்பியலாளர்கள் அல்வெர், ரோலண்ட் இருவரும் 2010இல் இதை எடுத்துக்காட்டியதும் இதே மொடலை ஓட்டித்தான். அந்தத் தற்செயலைத்தான் நான் அளக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவரோடும் கதைக்க மனம் வரவில்லை.

இப்போது உள்ளீட்டுக் கோப்பில் விதைத் தெரிவை 11-இலிருந்து 0-க்கு மாற்றி, ஒவ்வொரு கோப்புறைக்கும் வேறு எண்ணை நானே போடுகிறேன். பார்ட்டன் (குவார்க், குளுவான்) மோதல்களுக்குத் தனி விதை உண்டு, அதையும் மறக்காமல் மாற்றுங்கள். எண்களைக் கொப்பியில் எழுதி வைத்தால், யாராவது கேட்கும்போது அதே மோதலைத் திரும்ப உருவாக்கிக் காட்டலாம். அப்புறம், முதலில் பத்தே பத்து மோதல் ஓட்டி ஒப்பிட்டுவிட்டுத்தான் இரண்டு நாள் ஓட்டத்துக்கு விட வேண்டும்.

மூன்றாம் ஓட்டம் நேற்று இரவு முடிந்தது. முதல் வரிகளில் மோதல் அளவுரு 4.3, 11.0, 7.8, 9.6 ஃபெர்மி, நாலும் வேறு வேறு. உடனேயே படமெடுத்து சேருக்கு அனுப்பினேன்.