கருக்கு மட்டை

"மேடம், இதுதான் கருக்கு."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து வந்து இடது கையை மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, ரம்பத்தால் இழுத்த மாதிரி ஒரு பழைய தழும்பு. சின்ன வயசில் அடுப்புக்குப் பனைமட்டை பொறுக்கப் போனபோது மட்டையின் ரம்பப்பல் ஓரம், அந்தக் கருக்கு, கிழித்ததாம்.

எம்.ஏ. ஆங்கில வகுப்பு. தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு', 1992இல் தமிழில் வந்தது, எங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பில் பாடம். தலைப்பை விளக்கத் தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

மில்டன், வேர்ட்ஸ்வொர்த் என்று ஒன்றரை வருஷம் நடத்தியிருக்கிறேன். அவள் வாயே திறந்ததில்லை.

இன்று 15 நிமிஷம் அவள்தான் பாடம் எடுத்தாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தது: 1968இல் கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இரண்டு சக ஆசிரியர்களும் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொன்னார்கள். ஷேக்ஸ்பியரைத் தூக்கி எறிவதற்காக இல்லை. ஆப்பிரிக்காவை நடுவில் வைத்துவிட்டு, மற்ற இலக்கியங்களை அங்கே நின்று பார்ப்பதற்காக.

நம் ஊரிலோ, 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, தலித் கவிஞர் சுகிர்தராணி, பழங்குடிகளைப் பற்றி எழுதிய வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி மூவரின் எழுத்தையும் எடுத்துவிட்டது. அன்று செய்தியாகப் படித்துக் கோபப்பட்டேன், அவ்வளவுதான். இன்றைக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. அங்கே எத்தனை பிள்ளைகள் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்கள்?

மணி அடித்த பிறகும் யாரும் எழவில்லை.

"திங்கட்கிழமை ஊரிலிருந்து ஒரு மட்டை கொண்டு வரட்டுமா மேடம்? இவங்க எல்லாரும் தொட்டுப் பாக்கட்டும்" என்றாள்.

கொண்டு வா என்றேன்.