எலியட்ஸ் பீச்சில் நாயைப் படம் பிடிக்க

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் உள்ள கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் முன்னால் எடுக்கும் படங்களில் நாய் பெரும்பாலும் கறுப்பு நிழலாகத்தான் விழுகிறது. காலை வெயில் கடல் பக்கமிருந்து வருகிறது, எடுப்பவரும் கடலைப் பார்த்தே நிற்கிறார். கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நாயின் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். சூரியன் உதித்து ஒரு மணி நேரம்தான் கெடு.

சின்னம் வெள்ளை. அதைப் பார்த்து கேமரா ஏமாந்து, கறுப்புக் கன்னி இன நாயை இன்னும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (கேமராவில் +0.7) ஏற்றுங்கள். வெள்ளை ராஜபாளையம் நாய் என்றால் ஏற்றவே வேண்டாம், ரோமம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும்.

நாய் உங்களிடமிருந்து 2 மீட்டர், சின்னம் அதற்குப் பின்னால் 20 மீட்டர். சின்னத்தை ஒட்டி நிறுத்தினால் நாய் பொம்மை மாதிரி சிறுத்துவிடும். மணலில் படுத்து, லென்ஸை நாயின் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஷட்டர் வேகம், நாய் உட்கார்ந்திருந்தால் 1/250 நொடி, ஓடினால் 1/1000.

கயிற்றைக் கழற்றாதீர்கள், அங்கே தெருநாய்களுக்கு எல்லை உண்டு. மெல்லிய கயிறு போதும், பிறகு எடிட்டில் அழித்துக்கொள்ளலாம். பிஸ்கட் பாக்கெட்டை லென்ஸ் அருகே கசக்கினால் காது நிமிரும், ஆனால் இரண்டு மூன்று தடவைதான். லென்ஸில் மணல் பட்டால் துணி வேண்டாம், கீறிவிடும். முதலில் காற்றடித்து மணலை ஊதித் தள்ளும் ப்ளோயர்.