கயிற்றில் ஏறி வந்த களிம்பு

யாங்கோன் (பழைய ரங்கூன்) நகரத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கயிறு தெரியும். பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பேப்பர், கொத்தமல்லி, மாத்திரை எல்லாம் கயிற்றில்தான் ஏறும். போன மழைக்காலத்தில் ஒரு களிம்பும் அப்படித்தான் ஏறி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

மகளுக்கு ஆறு வயது. மூக்குக்குக் கீழே கொசு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். இரண்டே நாளில் மேலுதடு வரை இறங்கி, தேன் வழிந்து காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குக் கட்டிவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்கா. வேப்பிலை போட்டுப் படுக்க வை, கவிச்சி சமைக்காதே" என்றார். "காய்ச்சலே இல்லையே அத்தை, இது சிரங்கு" என்றேன். கீழ்வீட்டு பர்மாக்காரம்மா தன் பங்குக்கு, இங்கே பெண்களும் பிள்ளைகளும் முகத்தில் பூசும் 'தனக்கா' மரப்பட்டையை அரைத்து வந்து முகம் முழுக்க அப்பிவிட்டுப் போனார். என் பங்குக்கு நான் மருந்துக்கடைக்கு போன் போட்டேன்.

வந்தது ஒரு சர்வரோக நிவாரணி: பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு. பூசிய மறுநாளே சிவப்பு அடங்கியது. எனக்கு ஒரே பெருமை. ஆறாம் நாள் தாடையிலும் காதோரமும் புதுப் பொருக்கு.

டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் பார்த்து, பேசாமல் மேஜை ஓரம் தள்ளி வைத்தார். ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும். கிருமியை எதிர்க்கிற தோலின் பலத்தையும் சேர்த்து அமுக்கும் என்றார். இது இம்பெடிகோ. பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை, சில சமயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொன்று. புண்களை எண்ணினார், ஐந்து. "இவ்வளவுதான் என்றால் களிம்பே போதும். உடம்பெல்லாம் பரவினால், காய்ச்சல் வந்தால், வாய்வழி மருந்துதான்." முபிரோசின் 2 சதவீதக் களிம்பு, தினம் மூன்று வேளை, ஐந்து நாள். அப்புறம் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "பொருக்கு மேலேயே பூசினால் பொருக்குக்குத்தான் வைத்தியம்."

மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, பத்து நிமிஷம் உதட்டுமேல் வைத்தேன். பொருக்கு ஊறி, வெல்லப்பாகு மாதிரி இளகித் துணியோடு வந்தது. அடியில் ஈரமான ரோஜா நிறத் தோல். அதன்மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. முதல் வேளை அழுதாள்; அடுத்த வேளைக்கு மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கித் தருவதாகப் பேரம் பேசி முடித்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன், துண்டைத் தனியாக்கினேன். தனக்காவுக்கு விடுமுறை.

இந்த முபிரோசினே ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்ததாம். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். மற்றக் கிருமிகள் புரதம் கட்டும் வேலையை நிறுத்திவிடுகிறது. எங்கள் வீட்டு அலமாரியில் பல வருஷமாகக் கிடக்கும் புண் பவுடரில் பாசிட்ராசின் என்று ஒன்று இருக்கிறது; அந்தப் பெயரின் வாலில் இருப்பது 1943இல் அடிபட்ட ட்ரேசி என்ற அமெரிக்கச் சிறுமி. அவள் காயத்திலிருந்து எடுத்த கிருமியில்தான் அந்த மருந்து கிடைத்தது. யார் வீட்டுப் பிள்ளையோ!

இதற்குள் என் வீட்டுக்காரர், தொடையில் கிளம்பிய கட்டிக்கு யாருக்கும் சொல்லாமல் மகளின் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று நாளில் அது எலுமிச்சம்பழம் அளவு ஆனது. அதே டாக்டரம்மா கீறிச் சீழை எடுத்தார். உள்ளே சீழ் கோத்துக்கொண்ட பிறகு மேலே பூசுவது அங்கே போய்ச் சேராதாம். சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினால் உடனே வரச் சொன்னார், அதற்கு மாத்திரை வேண்டும். கண்டபடி தடவினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று திட்டும் விழுந்தது. மனிதர் ஒரு வாரம் ஒருக்களித்தே உட்கார்ந்தார்.

ஆறாம் நாள் காலை மகளின் முகத்தில் லேசான சிவப்புத் தடம் மட்டும்தான். அத்தை அவள் தலையணையைத் தூக்கினார். அடியில் ஒரு கொத்து வேப்பிலை, சருகாகக் காய்ந்து கிடந்தது.

"பார்த்தியா?" என்றார்.